நாக்கும் நோட்டும்: ஐபிஏ கேள்விகள்

வெளிநாட்டுப் பயணத்தில் பீர் ருசி பார்ப்பது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐபிஏவையே சுற்றுகின்றன: ஹாப்ஸ் என்ற கொடியின் பூ தரும் வாசனையும் கசப்பும் தூக்கலான பீர் ரகம். சரி, இந்த முறை முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு ஊர் சுற்றுகிறேன். நாக்கைச் சும்மா விடுவதில்லை.

கே: வேலை விஷயமாக அமெரிக்கா போனபோது ஒரு ஐபிஏ குடித்தேன். இப்படி எழுதியிருக்கிறேன், சரியா சார்? 'அழகான பொன்னிறம். நல்ல நுரை. மூக்கைத் துளைக்கும் வாசனை. மாம்பழம், ஆரஞ்சு, அன்னாசி, பேஷன் ஃப்ரூட், திராட்சை என்று ஒரு பழத்தோட்டமே இருக்கிறது. கசப்பும் இனிப்பும் சரியான கலவை. ஐந்துக்கு நாலரை.'
– மென்பொருள் துறை வாசகர்

ப: முதலில் ஒரு சந்தேகம். இந்தப் பழங்களைக் கிளாஸிலிருந்து எடுத்தீர்களா, கேன் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுதினீர்களா? ஐந்து பழமும் ஒரே மூச்சில் யாருக்கும் தெரியாது. ஒன்று முந்திக்கொண்டு வரும். இன்னொன்று கிளாஸின் குளிர் கொஞ்சம் விட்ட பிறகு எட்டிப் பார்க்கும். மற்றதெல்லாம் நம் ஆசை. வந்த வரிசையில் எழுதுங்கள். ஒன்றுதான் வந்தது என்றால் ஒன்றை மட்டும் எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 'மூக்கைத் துளைக்கும்' என்பது மல்லிகைக்கும் பொருந்தும், பெயின்ட் டப்பாவுக்கும் பொருந்தும். அதை அடித்துவிடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்கு வேண்டியது. எந்த பீர், எந்த ஊர்? குழாயிலிருந்து ஊற்றினார்களா, கேனா, பாட்டிலா? கேன் என்றால் அடியில் என்ன தேதி? தெளிவாக இருந்ததா, கலங்கலா? கசப்பு எப்போது வந்தது, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நின்றது? இன்னொரு கிளாஸ் கேட்கத் தோன்றியதா?

இத்தனை கேள்விக்குக் காரணம் இருக்கிறது. ஐபிஏவின் வாசனை முழுக்க ஹாப்ஸ் பூவின் எண்ணெயை நம்பியது. அது சீக்கிரம் போய்விடும். பீர் தயாரிக்கும் ப்ரூவரியின் வாசலில் போன வாரம் நிரப்பிய கேனும், கப்பலேறி, கிடங்கில் கிடந்து, அரை வருடம் கழித்துக் கடை அலமாரிக்கு வந்த கேனும் பெயரில் மட்டும்தான் ஒன்று. ஆகவே அந்தப் பெயருக்கே தீர்ப்பு எழுத உங்களால் முடியாது. அன்று உங்கள் முன்னால் இருந்த கிளாஸுக்குச் சாட்சி சொல்லலாம். சாட்சி சொல்பவர் இடமும் நாளும் சொல்லாமல் எப்படி?

மார்க் போட்டே ஆக வேண்டும் என்றால், பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார் செய்யும் பிஜேசிபி என்ற அமெரிக்க அமைப்பு 50 மார்க்கை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்று! உங்கள் முதல் இரண்டு வாக்கியமும் அந்த மூன்று மார்க்குக்கே போய்விட்டன.

கே: எந்த மாதிரி கிளாஸ்? எவ்வளவு ஜில்லென்று இருக்க வேண்டும்?
– முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டுபவர்

ப: வாய் கொஞ்சம் குறுகிய, சுத்தமாகக் கழுவிய எந்தக் கிளாஸும் போதும். உறைந்து வெள்ளை பூத்த கிளாஸில் ஊற்ற வந்தால், சாதாரண கிளாஸ் கேளுங்கள். ஐபிஏவுக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் நல்லது. அதற்குக் கீழே போனால் நாக்கு மரத்து, மூக்குக்கும் வேலை இல்லாமல் போய்விடும். ஊற்றியதும் கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் அங்கங்கே ஒட்டி நிற்கின்றனவா? அந்த இடத்தில் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு வாய்க்கும் நுரை வளையம் வளையமாகப் படிந்து இறங்கும்.

அப்புறம், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஹெடி டாப்பர் என்ற கலங்கல் ஐபிஏவின் கேனில் 'கேனிலிருந்தே குடி' என்று எழுதியிருக்கும். நான் கிளாஸில்தான் ஊற்றினேன். கலங்கலாக இருந்தால் என்ன, கண்ணும் கொஞ்சம் குடிக்கட்டுமே.

கே: பலகையில் 'ஏபிவி 6.8, ஐபியூ 65' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஐபியூ 45 போட்டிருந்த பீர்தான் எனக்கு அதிகம் கசந்தது. பலகை பொய்யா, நாக்கு பொய்யா?
– கணக்கு ஆசிரியை

ப: இரண்டும் உண்மை, அம்மா. ஏபிவி என்பது ஆல்கஹால் சதவீதம். ஐபியூ என்பது கசப்பை அளக்கும் ஆய்வகக் கணக்கு. ஒரு லிட்டர் பீரில் ஐசோ ஆல்ஃபா அமிலம் ஒரு மில்லிகிராம் இருந்தால் ஏறக்குறைய ஒரு ஐபியூ. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறித்தான் இந்தக் கசப்பு வருகிறது. நாக்கு கசப்பைத் தனியாகப் படிக்காது. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்கும். இனிப்பு தூக்கலான பீரில் 65 அடங்கிக் கிடக்கும். வறண்ட, மெலிந்த பீரில் 45கூடச் சுள்ளென்று இருக்கும்.

அதே கொதி வாசனைக்கு எதிரி. எண்ணெய்கள் ஆவியோடு பறந்துவிடும். அதனால் வாசனைக்கான ஹாப்ஸை அடுப்பை அணைத்த பிறகோ, நொதித்து முடிந்த பீரிலோ போடுகிறார்கள். பின்னதற்கு ட்ரை ஹாப்பிங் என்று பெயர். கலங்கல் ஐபிஏக்களில் இதை வாரி இறைப்பார்கள். அவற்றில் வாசனை ஊரைக் கூட்டும், ஐபியூ குறைவாக இருக்கும்.

ஏபிவியை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். சாதாரண அமெரிக்க ஐபிஏ 5.5 முதல் 7.5 சதவீதம். டபுள் என்று போட்டிருந்தால் 10 வரை போகும். உயரமான கிளாஸில் அதை ஊற்றிக் கொடுத்தால், ஒன்று முடிந்ததுமே உங்கள் விமர்சனத்தின் தரம் இறங்க ஆரம்பித்துவிடும்.

தேயிலைக்காரனாக ஒன்று சொல்கிறேன். கசப்பையும் துவர்ப்பையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். கசப்பு நாக்கில் நிற்கும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பிடித்து இழுக்கும், அதிகம் ஊறிய டிக்காஷன் மாதிரி. ட்ரை ஹாப்பிங் எல்லை மீறினால் பீரிலும் இந்த இழுப்பு வரும். தொண்டையில் ஒரு காரல்கூட இருக்கும். நேற்று நிரப்பிய கலங்கல் ஐபிஏவில் இது சகஜம், ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். புதிது என்றாலே உத்தமம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க.

கே: கேன் அடியில் 03/04 என்று இருக்கிறது. மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ?
– கப்பல் பொறியாளர்

ப: அமெரிக்கக் கேன் என்றால் மார்ச் 4. ஐரோப்பியக் கேன் என்றால் ஏப்ரல் 3. ஜப்பானில் ஆண்டு முன்னால் வரும். இன்னும் சிலர் மூன்று இலக்கம் மட்டும் அடிப்பார்கள்: 123 என்றால் அந்த ஆண்டின் 123ஆவது நாள், அதாவது மே 3, லீப் ஆண்டில் மே 2. அது நிரப்பிய தேதியா, 'இதற்குள் குடிக்கவும்' தேதியா என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பல மாதம் இருக்கலாம்.

பீர்த் தொழிலில் 3, 30, 300 என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள் கிடந்த பீரும், 22 டிகிரியில் 30 நாள் கிடந்ததும், குளிர்பெட்டியில் 3 டிகிரியில் 300 நாள் இருந்ததும் ஏறக்குறைய ஒரே அளவு சுவை இழந்திருக்கும் என்பது அதன் சாரம். ஆகவே தேதியோடு கடையையும் பாருங்கள். ஜன்னலோரம், வெளிச்சம் விழும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தால், தேதி நேற்றையதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கலங்கல் ஐபிஏ என்றால் நிரப்பி ஒரு மாதம், தெளிவானது என்றால் குளிரிலேயே வைத்திருந்தால் மூன்று மாதம், இதுதான் என் எல்லை. தேதியே போடாத கேனை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கே: ஐபிஏவில் உள்ள 'ஐ' இந்தியாதான் என்கிறார்கள். கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்க இங்கிலாந்துக்காரர்கள் கடும் வீரியமாக ஒரு பீரைக் கண்டுபிடித்தார்களாம். பாரில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார். உண்மையா?
– வரலாறு பிடித்த வாசகர்

ப: பாதி உண்மை. 'ஐ' இந்தியாதான். முழுப்பெயர் இந்தியா பேல் ஏல், அதாவது இந்தியாவுக்கான வெளிர் நிற ஏல் பீர். மீதியைக் கொஞ்சம் தட்டிக்கொட்ட வேண்டும்.

லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் 1752இல் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் ப்ரூவரி தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை கிட்டத்தில்தான் இருந்தது. கப்பல் கேப்டன்கள் சொந்த வியாபாரத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டு. பக்கத்திலேயே ப்ரூவரி, அதுவும் நீண்ட தவணையில் கடன் கொடுக்கிறார் என்றால் யார் விடுவார்கள்? கண்டுபிடிப்பைவிட இடமும் கடனும்தான் ஹாட்ஜ்சனை வளர்த்தன. வெப்ப நாடுகளுக்குப் போகும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகப் போட வேண்டும் என்பது 1760களிலேயே ப்ரூவரிக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஹாப்ஸ் பாக்டீரியாவை அடக்கும். ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, மாதக்கணக்கில் பீப்பாயில் குலுங்கியதில் அந்த பீர் நன்றாக முதிர்ந்துவிட்டது.

வீரியம் என்பதுதான் கதையில் பிசகுகிற இடம். அன்றைய மற்ற இங்கிலாந்து பீர்களோடு வைத்துப் பார்த்தால் இது அசாதாரண வீரியம் கொண்டதல்ல. இந்தியாவுக்கு அதே கப்பல்களில் கறுப்பு போர்ட்டர் பீரும் ஏராளமாகப் போனது, கெடாமல்தான் போனது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைத்தான் குடித்தார்கள். வெளிர் நிற ஏல், அதிகாரிகளின் பானம்.

1820களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தார் விலையை ஏற்றி, கடனையும் நிறுத்திக் கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொண்டார்கள். கம்பெனி இயக்குநர் கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் என்ற இங்கிலாந்து ஊரின் ப்ரூவரிக்காரர் சாமுவேல் ஆல்சாப்பிடம் இதே மாதிரி பீர் செய்து தரக் கேட்டார். ரஷ்யா வரி போட்டதால் பர்ட்டன்காரர்களின் பால்டிக் வியாபாரம் படுத்திருந்த நேரம் அது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அதில் செய்த பீரில் ஹாப்ஸின் கசப்பு துல்லியமாக, வறட்சியாக எழும். பிறகு அதே ஊரின் பாஸ் ப்ரூவரியும் சேர்ந்துகொள்ள, பர்ட்டன் பெயர் உலகமெங்கும் போனது.

இன்று நீங்கள் அமெரிக்காவில் குடிப்பது அதன் பேரனும் அல்ல, தூரத்துச் சொந்தம். 1972இல் கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ் ரகம் வெளியானது. 1975இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி அதை அள்ளிப் போட்டு லிபர்ட்டி ஏல் செய்தது. கிரேப்ஃப்ரூட் தோலும் பைன் பிசினும் வீசும் அந்த வாசனையிலிருந்துதான் இன்றைய கூட்டமெல்லாம் கிளம்பியது. அடுத்த முறை பாரில் யாராவது கதையைத் தொடங்கினால், 'போர்ட்டர் எப்படிக் கெடாமல் போச்சு?' என்று மட்டும் கேளுங்கள்.

கே: இங்கிலாந்தில் ஒரு பப்பில் ஐபிஏ கேட்டேன். வெதுவெதுவென்று, கேஸே இல்லாமல், வாசனையும் பெரிதாக இல்லாமல் வந்தது. பழையதைத் தள்ளிவிட்டார்களா?
– படிக்கப் போன மாணவர்

ப: கைப்பிடியை இழுத்து இழுத்து ஊற்றினார்களா? அப்படியென்றால் அது காஸ்க் ஏல், தம்பி. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து கடைசிக் கட்ட நொதித்தல் நடக்கும். நிலவறைக் குளிரில், 11 முதல் 13 டிகிரியில் தருவார்கள். வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை என்பதால் நுரைப்பு மென்மையாகத்தான் இருக்கும். உங்களுக்கு வந்தது கெட்டது என்று சொல்ல இந்த அடையாளங்கள் போதாது. வினிகர் புளிப்போ, ஈரக் காகித வாசனையோ இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். பீப்பாய் திறந்து மூன்று நாளைத் தாண்டினால் அதற்கு வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, இங்கிலாந்தில் 4 சதவீதத்துக்கும் குறைவான லேசான பீரைக்கூட ஐபிஏ என்று விற்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அமெரிக்க ஐபிஏவை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு மார்க் குறைப்பது நியாயம் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்றால் டெர்பிஷயரின் தோர்ன்பிரிட்ஜ் ப்ரூவரி 2005இலிருந்து செய்யும் 'ஜெய்ப்பூர்' ஐபிஏவைக் காஸ்கில் கேளுங்கள். 5.9 சதவீதம். காஸ்கின் மென்மையில் அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை வாசனை எப்படி வேறு முகம் காட்டுகிறது என்று புரியும்.

கே: நாலு சின்னக் கிளாஸ் வைத்த பலகை வாங்கினால் எந்த வரிசையில் குடிப்பது? ஒயின் நிபுணர்கள் மாதிரித் துப்பிவிடலாமா?
– வங்கி ஊழியர்

ப: கசப்பும் வீரியமும் குறைவானதிலிருந்து மேலே போங்கள், டபுள் கடைசியில். தேயிலையை நாங்கள் உறிஞ்சித் துப்புவோம். பீரைத் துப்பினால் பாதி விஷயம் கிடைக்காது. விழுங்கிய பின் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனையிலும், கசப்பின் வாலிலும்தான் ஐபிஏ நடக்கிறது. சின்ன மிடறு போதும். மிச்சம் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். காரமான நொறுக்குத்தீனி வேண்டாம். காரம் கசப்பை ஏற்றிக் காட்டும். மூக்கு களைத்தால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். கடைசிக் கிளாஸ் முடிந்ததும் முதல் கிளாஸின் மிச்சத்துக்குத் திரும்பிப் போங்கள். குளிர் விட்டிருக்கும், வேறு ஆளாக இருக்கும். நாலுக்கு மேல் குடித்துவிட்டு எழுதிய எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம். வாடகைக் கார் சாவி பையில் இருந்தால் முதல் கிளாஸே வேண்டாம்.

கே: ஒரு கிளாஸில் வெண்ணெய் வாசனை வந்தது. இன்னொரு ஊரில் வெங்காயம்! இதெல்லாம் குறையா, ரகமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

ப: வெங்காயமும் பூண்டும் பெரும்பாலும் ஹாப்ஸின் வேலை, சில ரகங்களிலும், தாமதமாக அறுவடை செய்த பூவிலும் வரும். எனக்குப் பிடிக்காது, ஆனால் குறை என்று எழுத மாட்டேன். வெண்ணெய் வேறு. நொதித்தல் சரியாக முடியாவிட்டால், வெண்ணெய் வாசனை தரும் டையசிட்டைல் என்ற பொருள் தங்கிவிடும். அல்லது பாரின் குழாயைச் சுத்தம் செய்து நாளாகியிருக்கும். ஒரு விமான நிலைய பாரில் எனக்கும் இது வந்தது. 'வெண்ணெய் அடிக்கிறது' என்றேன். பரிமாறியவர் தானே முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கிளாஸை எடுத்துப்போய் ஒரு கேனைத் திறந்து தந்தார். அதே பீர், சுத்தமாக இருந்தது. குழாய்தான் குற்றவாளி. முதல் கிளாஸை வைத்து எழுதியிருந்தால் பாவம் ப்ரூவரிக்காரர் அடி வாங்கியிருப்பார்.

ஈர அட்டைப்பெட்டி வாசனையும், கலங்கல் பீர் பழுப்பேறிச் சாம்பல் தட்டுவதும் காற்று பட்டதன் அடையாளம். வெயிலில் வைத்த கிளாஸிலிருந்து ரப்பர் எரிந்தது போல ஒரு நெடி வந்தால், வெளிச்சம் ஹாப்ஸின் கசப்பைக் குலைத்து கந்தகச் சேர்மம் ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் பாட்டிலும் கண்ணாடிக் கிளாஸும் தடுக்காது. மொட்டை வெயிலில் சில நிமிடமே போதும். கடற்கரை மேஜை ஃபோட்டோவுக்கு நல்லது, ஐபிஏவுக்கு ஆகாது.

கே: அடுத்தவர் விமர்சனத்தைக் கிழிப்பது சுலபம். நீங்களே ஒன்று எழுதிக் காட்டுங்களேன்.
– அதே மென்பொருள் துறை வாசகர்

ப: கோபம் புரிகிறது. என் நோட்டிலிருந்து அப்படியே:

'பிளைனி தி எல்டர், டபுள் ஐபிஏ, 8 சதவீதம். ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் சொந்த பப், நான்காம் தெரு, சான்டா ரோசா, கலிஃபோர்னியா. குழாயிலிருந்து. பகல் மூன்று மணி; முன்னால் தண்ணீரும் ரொட்டியும் மட்டும். தெளிவு, எதிரே இருப்பவர் சட்டைப் பொத்தான் தெரிகிறது. முதல் மோப்பத்தில் பைன் பிசின், உடனே கிரேப்ஃப்ரூட்டின் தோல் (சுளை அல்ல). மால்ட் எங்கோ பின்னால், ரொட்டி ஓரம் அளவுக்கு. வாயில் எட்டு சதவீதத்துக்கு இவ்வளவு மெலிவா! கசப்பு நாக்கின் நடுவில் சட்டென்று ஏறி, விழுங்கியதும் வெட்டிவிட்டது போல நிற்கிறது, துவர்ப்பு இல்லை. பாதிக் கிளாஸில் குளிர் விட்டதும் பூ வாசனை, கொஞ்சம் ஆரஞ்சு. வீரியம் வாயில் தெரியவில்லை, எழுந்து நின்றபோது தெரிந்தது. இன்னொன்று வேண்டும், கேட்கவில்லை.'

இவ்வளவுதான். இந்த பீரின் பாட்டில் லேபிளைச் சுற்றிலும் புதிதாகக் குடி, குளிரில் வை, வயதேற்றாதே என்று ஏறக்குறைய கெஞ்சியே எழுதியிருப்பார்கள். அந்த எழுத்து எனக்கு எந்த விருதுப் பட்டியலையும்விட நம்பிக்கை தருகிறது. மெலிவின் ரகசியம், கொதியில் சேர்க்கும் சர்க்கரை. அது முழுக்க நொதித்துவிடுவதால் கனம் தங்காது.

கே: சான் டியாகோவில் எங்கே போகலாம்? இரண்டு நாள்தான் இருப்பேன்.
– பயணப் பிரியர்

ப: மிராமர் பகுதியில் கிடங்குகளுக்கு நடுவே ப்ரூவரிகள் கொத்தாக இருக்கின்றன, ஏல்ஸ்மித் அங்கேதான். ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் தூரம், கார் இல்லாமல் கஷ்டம். நடந்தே சுற்ற வேண்டும் என்றால் நார்த் பார்க். வடக்கே எஸ்கொண்டிடோவில் ஸ்டோன் ப்ரூவரியின் தோட்டம் பெரிது. பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். 21 வயது ஆகிவிட்டதா என்று என் நரைத்த தலையைப் பார்த்த பிறகும் கேட்கிறார்கள்; நான் சந்தோஷமாகவே காட்டுகிறேன். டிப்ஸ் அங்கே எழுதாத சட்டம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நான் குடிப்பதில்லை. கணவரும் நண்பர்களும் ப்ரூவரி ப்ரூவரியாகப் போகும்போது நான் என்ன செய்வது?
– குடும்பத் தலைவி

ப: கிளாஸை வாங்கி முகர்ந்து பாருங்கள். குடிக்காத மூக்கு கூர்மையானது; வாசனைக்கும் தோற்றத்துக்கும் சேர்த்து 50க்கு 15 மார்க் நீங்களே போடலாம். அமெரிக்காவில் ஆல்கஹால் இல்லாத ஐபிஏ இப்போது நன்றாகவே வருகிறது. அத்லெட்டிக் ப்ரூவிங் என்ற கம்பெனி இதை மட்டுமே செய்கிறது, அதன் 'ரன் வைல்ட்' அரை சதவீதத்துக்கும் கீழே. அரை சதவீதமும் கூடாது என்பவர்களுக்கு ஹாப்ஸ் போட்ட சோடாத் தண்ணீர் கிடைக்கும். லேபிளை மட்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸ் என்றால் என்ன என்று கலப்படமில்லாமல் தெரிய அந்தத் தண்ணீரைவிட நல்ல பாடம் கிடையாது. கணவருக்கும் ஒரு வாய் கொடுங்கள், அடுத்த கிளாஸில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

கே: ஜப்பானில் ஒரு கன்வீனியன்ஸ் கடையில் நீலப் பூதம் படம் போட்ட ஐபிஏ கேன் பார்த்தேன். வாங்கவில்லை. தவறவிட்டேனா?
– வாசகர்

ப: ஆமாம். யோ-ஹோ ப்ரூவரியின் 'இந்தோ நோ அவோனி'. இந்தியாவின் நீலப் பூதம். 7 சதவீதம், முரட்டுக் கசப்பு, தெளிவானது. குளிர்பெட்டியிலேயே இருக்கும், தேதியும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். நள்ளிரவில் ஒரு சாதாரணக் கடையில் இந்தத் தரம் கிடைப்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கே: பிடித்த கேன்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?
– திரும்பி வரத் தயாராக இருப்பவர்

ப: கைப்பையில் பெரும்பாலான விமான நிலையங்களில் முடியாது, 100 மில்லி விதி தடுக்கும். சரக்குப் பெட்டியில் வைக்கலாம்; இறங்கும் நாட்டின் சுங்க அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன்? வீரியமான கறுப்பு ஸ்டவுட் பீர் கொண்டுவாருங்கள், பார்லி ஒயின் என்ற வீரிய பீர் கொண்டுவாருங்கள், அவை பொறுத்துக்கொள்ளும். கலங்கல் ஐபிஏ ஓடுதளத்து வெயிலில் காய்ந்து, வரவேற்பறையில் ஒரு மாதம் நின்ற பிறகு நண்பர்களுக்கு ஊற்றினால், 'இதுக்கா இவ்வளவு புகழ்ந்தே?' என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

கே: நாலு நாட்டில் குடித்துப் பார்த்துவிட்டேன். ஐபிஏ எனக்குப் பிடிக்கவே இல்லை. நண்பர்கள் முன்னால் நடிக்க வேண்டியிருக்கிறது.
– உண்மை விளம்பி

ப: எதற்கு நடிப்பு? எது பிடிக்கவில்லை என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். கசப்பா, பிசின் வாசனையா, கனமா? கசப்பு என்றால் கலங்கல் ரகத்தை ஒருமுறை பாருங்கள். வாசனையே ஆகாது என்றால் பாரின் பட்டியல் பலகையில் பில்ஸ்னர் என்று ஒரு வரி இருக்கும், ஹாப்ஸ் வாசனை அடங்கிய வெளிர் பீர். அதைக் கேளுங்கள்.